குரல் குன்றாத இசைப்பெட்டி



தோட்டத்து லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நன்றாக நினைவிருக்கும். விடியற்காலையில் பிரட்டுக்குக் கிளம்பும் முன்பே யாராவது ஒருவர் வீட்டில் வானொலி பாடத் தொடங்கிவிடும். ஒரு வீட்டு வானொலி நான்கு வீடுகளுக்குப் பாடும். பிறகு கசெட் வானொலி வந்தது. திருவிழாப் பாட்டு, கல்யாணப் பாட்டு, உறுமி மேளம் என்று வேண்டியபோது கேட்க முடிந்தது. இன்று சட்டைப் பைக்குள் அடங்கும் கைப்பேசியிலும், அதைவிடச் சிறிய இசைப்பெட்டியிலும் ஆயிரம் பாடல்களை வைத்துக்கொள்கிறோம்.

பாடல்களின் எண்ணிக்கை பெருகிவிட்டது. ஆனால், பதிவான ஒலி பதிவானபடியே நம் காதுக்கு வந்து சேருகிறதா? வழியில் எங்கெங்கே குறைகிறது? குறையாமல் கேட்பதற்கு என்ன செய்ய வேண்டும்? இன்றைய பேச்சில் இவற்றைத்தான் பார்க்கப் போகிறோம். இது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணி ஒதுங்கிவிட வேண்டாம். நம் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கும் பழைய ஒலிநாடாவுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. என் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்கிறேன்.

என் பாட்டி பால்மரம் சீவியவர். 1986ஆம் ஆண்டு, என் தங்கை கைக்குழந்தையாக இருந்தபோது, பாட்டி தொட்டிலாட்டிக்கொண்டே பாடிய தாலாட்டை மாமா ஒருவர் கசெட் வானொலியில் பதிவு செய்தார். பாட்டி காலமாகிவிட்டார். நாங்கள் குடியிருந்த லயமும் இன்று இல்லை. அந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. எஞ்சியிருப்பது அந்த ஒரு நாடாதான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தை அந்த நாடாவைப் பட்டணத்துக் கடை ஒன்றில் கொடுத்து, கைப்பேசியில் கேட்கும்படி மாற்றித் தரச் சொன்னார். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஆசையோடு போட்டுக் கேட்ட அத்தையின் முகம் வாடிவிட்டது.

"என்னடா தம்பி, இது எங்கம்மா குரலா? தகர டின்னுக்குள்ளே உக்காந்து பாடுறாப்ல இருக்கே!" என்றார்.

நான் கேட்டுப் பார்த்தேன். குரல் மெலிந்து, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நெளிந்தது. பின்னணியில் தொட்டில் கயிறு கிரீச்சிடும் ஓசை இருக்கும்; அதைக் காணவில்லை. வாசலில் சேவல் கூவுமே, அது ஏதோ விசில் போலக் கேட்டது. கடைக்காரர் நாடாவின் இரைச்சலை நீக்குகிறேன் என்று கொஞ்சம் ஒலியையும், கோப்பைச் சிறிதாக்குகிறேன் என்று கொஞ்சம் ஒலியையும் வீசிவிட்டிருந்தார். அத்தையோ, "அதான் போன்ல ஏத்தியாச்சே" என்று அசல் நாடாவைக் குப்பையில் போட எடுத்து வைத்திருந்தார். நல்லவேளையாக அது தப்பியது. அந்த நாடா என்னவாயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒலி என்பது காற்றில் எழும் அதிர்வு. பழைய ஒலிநாடா அந்த அதிர்வைக் காந்தத் தூளில் அலையாகவே பதித்து வைத்தது. கணினியோ அதை எண்களாக மாற்றி வைக்கிறது. 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த குறுவட்டில், அதாவது சி.டி.யில், ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இதைத்தான் 16 பிட் என்பார்கள். இடப்பக்கத்துக்கு ஒன்று, வலப்பக்கத்துக்கு ஒன்று என இரண்டு வரிசை எண்கள்.

ஏன் 44,100 முறை? மனிதக் காது ஏறக்குறைய 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கவல்லது. வயது ஏற ஏற மேல் எல்லை குறையும். ஓர் அலையைப் பிழையின்றித் திரும்பப் பெற வேண்டுமானால், அதன் அதிர்வைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் போதும் என்பது கணித விதி. 20,000த்தின் இரு மடங்கு 40,000. அதற்குச் சற்று மேலே வைத்திருக்கிறார்கள். ஆகவே, குறுவட்டில் உள்ள அளவே நம் காதுக்குப் போதுமானது.

இந்த எண்களை அப்படியே சேர்த்து வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 10.6 மெகாபைட் இடம் பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றுக்கு 53 மெகாபைட். 1998ஆம் ஆண்டில் கொரியாவிலிருந்து வந்த எம்பிமேன் என்னும் முதல் கையடக்க எம்.பி.3 பெட்டியில் இருந்த மொத்த இடமே 32 மெகாபைட்தான். ஒரு முழுப் பாட்டுக்குக்கூட இடமில்லை! ஆகவே பாட்டை எப்படியாவது சுருக்கியாக வேண்டிய நிலை. அங்கேதான் எம்.பி.3 கைகொடுத்தது. அதே ஐந்து நிமிடப் பாட்டை நொடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் சுருக்கினால் 4.8 மெகாபைட்டே வரும். ஆறு பாட்டுகளை அந்தப் பெட்டியில் ஏற்றிவிடலாம்.

சுருக்குவதில் இரண்டு வகை உண்டு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகிவிடும்.

தோட்டத்துக் கணக்கிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பால்மரம் சீவும் ஓர் அம்மையார் தினமும் கொண்டுவரும் பாலின் எடையைக் கிராணியார் புத்தகத்தில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 30 கிலோ. அடுத்த நாள் 31. அதற்கடுத்த நாள் 30. பிறகு 34. ஒவ்வொரு நாளும் முழு எடையை எழுதாமல், முதல் நாள் மட்டும் 30 என்று எழுதிவிட்டு, பிறகு "ஒன்று கூட", "ஒன்று குறைவு", "நான்கு கூட" என்று வித்தியாசத்தை மட்டும் எழுதிக்கொண்டு போகிறார். புத்தகத்தில் இடம் மிச்சமாகிறது. ஆனாலும் மாதக் கடைசியில் ஒவ்வொரு நாளின் எடையையும் கிலோ பிசகாமல் திரும்பக் கணக்கிட்டுவிடலாம். உழைத்தவருக்கு ஒரு காசு நட்டமில்லை. இது இழப்பில்லாத சுருக்கம்.

இன்னொரு கிராணியார் இருக்கிறார். அவர் "தினமும் ஏறத்தாழ 30 கிலோ" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார். இடம் இன்னும் மிச்சம்தான். ஆனால் அந்த அம்மையார் மழைக்கு முன் ஓடியாடி 34 கிலோ கொண்டுவந்த நாள் எங்கே போயிற்று? அதை எந்தக் கணக்குப்பிள்ளையாலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. இது இழப்புள்ள சுருக்கம்.

எம்.பி.3 இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆனால் அது கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவதில்லை. உறுமி ஓங்கி முழங்கும் வேளையில் பக்கத்தில் ஒருவர் மெல்ல முணுமுணுத்தால் நமக்குக் கேட்காது அல்லவா? அதுபோல், பெரிய ஒலியின் மறைவில் காதுக்கு எட்டாமல் போகும் சிறிய ஒலிகள் எவை என்று கணித்து, அவற்றைக் குறைத்தோ நீக்கியோ எழுதுகிறது. ஜெர்மானிய நாட்டு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று உருவாக்கிய அருமையான கண்டுபிடிப்பு அது. அளவோடு சுருக்கினால் குறையே தெரியாது. அளவுக்கு மீறிச் சுருக்கும்போதுதான் சங்கடம். எங்கள் அத்தைக்குக் கிடைத்த கோப்பு நொடிக்கு 32 கிலோபிட் அளவில் நசுக்கப்பட்டிருந்தது. தொட்டில் கயிறும் சேவலும் அதில்தான் பலியாயின.

முதல் வகையான இழப்பில்லாச் சுருக்கத்துக்கு இன்று பெரிதும் பயன்படுவது ஃபிளாக் என்பதாகும். ஜோஷ் கோல்சன் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய இதன் முதல் முழுப் பதிப்பு 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. யாருக்கும் காசு கொடுக்காமல் எவரும் பயன்படுத்தலாம். முந்திய எண்களைப் பார்த்து அடுத்த எண் என்னவாக இருக்கும் என்று ஊகித்து, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுவதே அதன் வழி. நம் முதல் கிராணியாரின் முறைதான்! பொதுவாகக் கோப்பு பாதியளவுக்கோ மூன்றில் இரண்டு பங்குக்கோ சுருங்கும். 53 மெகாபைட் பாட்டு 30 மெகாபைட் அளவுக்கு வரும். போட்டுக் கேட்கும்போது அசல் எண்கள் ஒன்றுகூடத் தவறாமல் திரும்ப வரும். ஆப்பிள் நிறுவனத்தின் அலாக் என்பதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அது 2004இல் வந்தது. வேவ் என்று ஒரு கோப்பு வகையும் உண்டு. அதில் பெரும்பாலும் சுருக்கமே இராது. எண்கள் அப்படியே இருக்கும்.

32 மெகாபைட் காலம் போய்விட்டது. இன்று விரல்நகம் அளவுள்ள ஒரு நினைவட்டையில் 32 கிகாபைட், அதாவது அதைப்போல் ஆயிரம் மடங்கு இடம், சாதாரணமாகக் கிடைக்கிறது. ஃபிளாக் வடிவிலேயே ஏறக்குறைய ஆயிரம் பாட்டுகளை அதில் வைக்கலாம். இடத்துக்காக ஒலியைப் பலிகொடுக்க வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை.

சரி, நம் கையிலுள்ள பெட்டியில் நல்ல ஒலியைப் பெறுவது எப்படி? வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, மூலம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். வீட்டில் அசல் குறுவட்டு இருந்தால் அதுவே சிறந்த மூலம். கணினியில் போட்டு ஃபிளாக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள், கீறல் விழுந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்த்து எடுக்கும். குறுவட்டை ஈரமில்லாத மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்துவிட்டுப் போடுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சிலர் எம்.பி.3 கோப்பையே ஃபிளாக்காக மாற்றி, "இப்போது ஒலி உயர்ந்துவிட்டது" என்று மகிழ்கிறார்கள். சிலர் அப்படி மாற்றியதை விற்கவும் செய்கிறார்கள். வாளியில் இறங்கிய பால் மறுபடி மரத்தில் ஏறுமா? "ஏறத்தாழ 30 கிலோ" என்று எழுதிவிட்ட கணக்கை எத்தனை அழகான புத்தகத்தில் திருப்பி எழுதினாலும் அந்த 34 கிலோ வரப்போவதில்லை. கோப்புதான் பெருக்கும், ஒலி பெருகாது. இணையத்தில் காணொளியிலிருந்து பிரித்தெடுத்த பாட்டுக்கும் இதே கதிதான். அங்கே ஏற்கெனவே சுருக்கித்தான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, பெட்டி. வாங்கும் முன் அது ஃபிளாக் கோப்பைப் பாடுமா என்று கேளுங்கள். கையோடு ஒரு பாட்டைக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. தனிப்பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் 2011ஆம் ஆண்டிலிருந்தும், ஐபோன்கள் 2017ஆம் ஆண்டிலிருந்தும் ஃபிளாக்கைப் பாடக்கூடியவை. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய கைப்பேசியே அருமையான இசைப்பெட்டியாகும். தொலைபேசி அட்டை தேவையில்லை, அழைப்பும் குறுக்கிடாது. அதிலுள்ள "பாஸ் பூஸ்ட்", "3டி சவுண்ட்" போன்ற அலங்காரங்களை முதலில் அணைத்துவிடுங்கள். அவை பதிவிலுள்ள ஒலியை மாற்றிக் காட்டுபவை. பழகிய பிறகு வேண்டுமானால் உங்கள் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, நினைவட்டை. இரவுச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். மேலே 512 கிகாபைட் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். போலி அட்டையில் இடம் தீர்ந்த பிறகும் அது தொடர்ந்து எழுதுவதுபோல் பாசாங்கு செய்யும். திறந்து பார்த்தால் பாட்டு இராது. வாங்கியவுடன் அட்டையை முழுவதும் நிரப்பி, கடைசியில் ஏற்றிய பாட்டுகள் பாடுகின்றனவா என்று சோதியுங்கள். ரசீது இல்லாமல் வாங்க வேண்டாம்.

நான்காவது, கம்பி. காதில் மாட்டும் கம்பியில்லாக் கருவிகள் வசதியானவைதான். ஆனால் புளூடூத் வழியே ஒலி போகும்போது அது வழக்கமாக மறுபடியும் இழப்புள்ள முறையில் சுருக்கப்படுகிறது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எஸ்.பி.சி. முறையில் நொடிக்குச் சுமார் 328 கிலோபிட் வரைதான் வழக்கமாகப் போகும். குறுவட்டின் ஒலிக்கோ நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். ஆகவே, இழப்பில்லாமல் கேட்க விரும்பினால் கம்பியுள்ள காதொலிப்பானே எளிய வழி, விலையும் குறைவு. கைப்பேசியில் காதொலிப்பான் துளை இல்லையானால், மின்னூட்டத் துளையில் செருகும் சிறிய இணைப்பான் கிடைக்கும். அதில் இரண்டு வகை உண்டு. எண்களை ஒலியாக மாற்றும் சில்லு உள்ளேயே இருப்பது ஒரு வகை. வெறும் கம்பி மட்டும் உள்ளது மற்றொரு வகை. சில்லு உள்ளதையே கேட்டு வாங்குங்கள். மற்றது பல கைப்பேசிகளில் வேலை செய்யாது.

ஐந்தாவது, காதொலிப்பான். உண்மையைச் சொன்னால், காதில் விழும் ஒலியை மிக அதிகமாக மாற்றுவது இதுதான். காதுக்குள் வைக்கும் வகைக்கு மூன்று அளவு ரப்பர் முனைகள் உடன் வரும். பலர் பெட்டியில் மாட்டி வந்ததையே வைத்துக்கொண்டு, "மேள ஒலியே கேட்கவில்லை" என்பார்கள். முனை காதுத் துளையைச் சரியாக அடைத்தால்தான் தாழ்ந்த ஒலி கேட்கும். மூன்றையும் மாற்றிப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

நேயர்களே, இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நொடிக்கு 256 அல்லது 320 கிலோபிட்டில் நன்றாகச் செய்த எம்.பி.3க்கும் ஃபிளாக்குக்கும் உள்ள வேறுபாட்டை, எது எதுவென்று தெரியாத நிலையில் கேட்டுக் கண்டுபிடிப்பது பெரும்பாலோருக்கு முடியாத காரியம். குறுவட்டைவிட உயர்ந்த ஒலி என்று "ஹை ரெஸ்" முத்திரை குத்தி அதிக விலை கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் இதைச் சோதித்து 2007ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். உயர்தர ஒலியையும், அதையே குறுவட்டுத் தரத்துக்கு இறக்கிய ஒலியையும் மறைத்து வைத்துக் கேட்கச் செய்தார்கள். 554 முறை நடந்த சோதனையில் ஏறக்குறைய பாதி முறைதான் சரியான விடை வந்தது. காசைச் சுண்டிப் போட்டுப் பூவா தலையா பார்த்தாலும் அதே பாதி வரும்! ஆகவே அந்த முத்திரைக்காகக் கடன்பட்டுப் பெட்டி வாங்க வேண்டியதில்லை.

"அப்படியானால் இழப்பில்லா ஒலி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அது காதுக்காக என்பதைவிடக் காப்பாற்றி வைப்பதற்காக என்று சொல்வதே பொருந்தும். பிறப்புச் சான்றிதழின் நகலை நகலெடுத்து, அந்த நகலை மறுபடி நகலெடுத்துக்கொண்டே போனால் என்னவாகும்? எழுத்து மங்கி, கடைசியில் பெயரே தெரியாது. எம்.பி.3யை மறுபடி மறுபடி சுருக்கினாலும் அப்படித்தான். ஒவ்வொரு முறை சுருக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஃபிளாக் கோப்போ, நூறு முறை பிரதி எடுத்தாலும் நூறாவது பிரதியும் அசலேதான். கடையில் கிடைக்கும் சினிமாப் பாட்டு போனால் மறுபடி வாங்கிக்கொள்ளலாம். பாட்டியின் தாலாட்டை எந்தக் கடையில் வாங்குவது?

ஆகவே, வீட்டிலுள்ள பழைய ஒலிநாடாவை எப்படிக் கணினிக்கு மாற்றுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாடாப் பெட்டியின் மேல் விளிம்பில் இரண்டு சிறு பிளாஸ்டிக் நாக்குகள் இருக்கும். முதல் வேலையாக அவற்றை உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. பிறகு நாடாவை வெளிச்சத்தில் பாருங்கள். நம் நாட்டு ஈரக்காற்றில் நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடிப்பது சாதாரணம். பூஞ்சை கண்டிருந்தால் போடாதீர்கள். அது கருவியிலும் மற்ற நாடாக்களிலும் பரவும். அத்தகைய நாடாவை விவரமறிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். நாடா தளர்ந்திருந்தால் பென்சிலைத் துளையில் விட்டு மெல்லச் சுற்றி இறுக்குங்கள்.

நாடா ஓட்டும் கருவியில் நாடா உரசிச் செல்லும் தலைப்பகுதியைப் பஞ்சில் சிறிது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடையுங்கள். பழுப்பு நிறத்தில் அழுக்கு வரும். அந்த அழுக்குதான் குரலை மந்தமாக்குவது. நன்கு உலர்ந்த பிறகு, முக்கியமில்லாத வேறொரு நாடாவைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். நாடாவைக் கடித்துத் தின்னும் கருவியா என்பது அதில் தெரிந்துவிடும்.

பலர் வானொலியின் முன் கைப்பேசியைப் பிடித்துப் பதிவு செய்கிறார்கள். மின்விசிறி இரைச்சலும் தெருவில் போகும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்து பதிவாகும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அதைச் செய்யலாம். கருவியின் ஒலி வெளியேறும் துளையிலிருந்து கணினியின் ஒலி உள்வாங்கும் துளைக்கு ஒரு கம்பி போடுவதே முறை. உள்வாங்கும் துளை இல்லாத கணினிக்கு யு.எஸ்.பி.யில் செருகும் சிறு கருவி கிடைக்கிறது. ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் 44,100, 16 பிட் என்று அமைத்துப் பதிவு செய்யுங்கள். ஒலி அளவைக் காட்டும் கோடு ஒருபோதும் உச்சியைத் தொடக் கூடாது. தொட்டால் அந்த இடம் கரகரவென்று சிதைந்துவிடும். பிறகு எவராலும் சரி செய்ய முடியாது. முன்கூட்டியே சத்தமான பகுதியை ஓட்டிப் பார்த்து, அளவைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் அதை எந்த அலங்காரமும் செய்யாமல் ஃபிளாக்காகச் சேமியுங்கள். இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். அதுதான் மூலப் பிரதி. இரைச்சல் நீக்குவதோ எம்.பி.3 ஆக்குவதோ அதன் பிரதி ஒன்றில்தான் செய்ய வேண்டும். ஒரு மணி நேர நாடா ஒன்று சுருக்காமலே சுமார் 635 மெகாபைட்தான் வரும். ஃபிளாக்கில் அதைவிடக் குறையும். மூலப் பிரதியைக் கணினியில் ஒன்று, விரலியில் ஒன்று, வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒன்று என மூன்று இடங்களில் வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது குரல் செய்தியாக அல்லாமல் "ஆவணம்" என்ற வழியில் அனுப்பினால் கோப்பு மாறாமல் போய்ச் சேரும். அசல் நாடாவை மட்டும் எக்காரணம் கொண்டும் எறிந்துவிடாதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டுக் காதைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. பெட்டி பழுதானால் வேறு வாங்கலாம். காது பழுதானால் மாற்று இல்லை. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பதே பாதுகாப்பான எல்லை என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒலி கூடக் கூட நேரம் வேகமாகக் குறைய வேண்டும். புல் வெட்டும் இயந்திரச் சத்தத்தை மீறிக் கேட்பதற்காக இசையைக் கூட்டிவைப்பது காதுக்கு இரட்டை அடி. வேலைத்தலத்திலும் மோட்டார் சைக்கிளிலும் காதொலிப்பான் வேண்டவே வேண்டாம். லோரி வருவதும் மட்டை விழுவதும் தெரியாமல் போய்விடும். வீட்டில், அமைதியான வேளையில், அருகிலிருப்பவர் பேசினால் கேட்கும் அளவில் வைத்துக் கேளுங்கள். நல்ல ஒலிக்குக் குறைந்த அளவே போதும்.

இனி, பாட்டியின் நாடாவுக்கு வருகிறேன். சொன்ன முறைப்படி தலையைத் துடைத்து, கம்பி போட்டு, மறுபடி பதிவு செய்தேன். அத்தையின் காதில் சாதாரணக் கம்பியுள்ள காதொலிப்பானை மாட்டிவிட்டேன். நாடாவின் இரைச்சல் முதலில் வந்தது. பிறகு தொட்டில் கயிறு கிரீச்சிட்டது. பாட்டி பாடத் தொடங்கினார். இரண்டு வரிகளுக்கு நடுவே அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. வாசலில் சேவல் கூவியது. அத்தை ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்த பிறகு, "அந்தச் சேவல் எங்கம்மா வளர்த்தது" என்றார். அது எனக்கு அதுவரை தெரியாத செய்தி.

நேயர்களே, இந்த வாரமே தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள். நாடா ஏதும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டில் பாட்டனாரோ பாட்டியாரோ இருந்தால், கைப்பேசியில் பதிவுக் கருவியைத் திறந்து, அமைப்பில் "வேவ்" என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, மின்விசிறியை அணைத்துவிட்டு, அவர்கள் அருகில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். எந்தத் தோட்டத்தில் பிறந்தார்கள், யாரோடு மரம் சீவினார்கள், எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்று கேளுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். அவர்கள் நம்மைவிட விரைவாகச் செய்துவிடுவார்கள்.